முதுகு ஊசியா, முழு மயக்கமா?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா ஒரு விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்தது. வயது 79. வலது கால் லேசாகக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடுப்பெலும்பு முறிந்ததற்கு அதுதான் அடையாளம் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று பேசியே ஒரு பகலைக் கழித்தோம். அப்புறம்தான் மதுரைக்கு வண்டி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் கையெழுத்து கேட்டதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரியப்பா சொன்னார்: "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி. முழு மயக்கமே குடுக்கச் சொல்லு." அத்தை விடவில்லை: "முழு மயக்கம் குடுத்தா ஆத்தாவுக்குப் புத்தி தடுமாறிப் போகும். எங்க மாமியாருக்கு அப்படித்தான் ஆச்சு."

இந்த இரண்டு பயமும் நம்மூரில் வீட்டுக்கு வீடு உண்டு. இரண்டையும் ஆராய்ச்சிகளோடு வைத்துப் பார்ப்போம்.

முதுகு ஊசி என்பது ஸ்பைனல். இடுப்பு மட்டத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியை விட்டு, நரம்புகளைச் சுற்றியுள்ள நீரில் பியூபிவக்கைன் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் மரத்துவிடும், மூச்சு தானாக ஓடும். ஜெனரல் என்றால் கை நரம்பில் மருந்து போட்டு முழுத் தூக்கம், பெரும்பாலும் தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம். கேட்கும்போது ஸ்பைனல்தான் பதவிசாகத் தெரியும். பல வருடங்களாக டாக்டர்களில் பலரும் வயதானவர்களுக்கு அதுவே மேல் என்று நம்பினார்கள்.

2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகள், இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேர். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 60 நாள் கழித்து இறந்துபோனவர்களையும், ஆள் துணையில்லாமல் பத்தடி நடக்க முடியாதவர்களையும் கூட்டினால், ஸ்பைனலில் 18.5 சதவீதம், ஜெனரலில் 18 சதவீதம். புத்தித் தடுமாற்றம் 20.5க்கு 19.7. கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை: முதல் 24 மணி நேரத்தில் ஸ்பைனல் போட்டவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாக வலி சொன்னார்கள்.

'ஸ்பைனலோடு தூக்க மருந்தும் கொடுத்திருப்பார்கள், அதுதான் வித்தியாசத்தை அழித்துவிட்டது' என்று அத்தை மாதிரி ஆட்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் வந்துவிட்டது. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் நடந்த ராகா ஆய்வில் தூக்க மருந்தே இல்லாமல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுப் பார்த்தார்கள். தடுமாற்றம் அதில் 6.2 சதவீதம், ஜெனரலில் 5.1. ஆக, அத்தையின் மாமியாருக்கு வந்தது மயக்க மருந்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. முறிவு, வலி, தூக்கமின்மை, காய்ச்சல், புது இடம் எல்லாமே வயதானவர்களின் புத்தியைக் குழப்பக்கூடியவை.

பெரியப்பாவின் பயத்துக்கும் பெரிய ஆதாரம் இல்லை. பிரசவத்தில் எபிடியூரல் என்ற இன்னொரு வகை முதுகு ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டதில் நீண்ட நாள் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். தலைவலி வரலாம், ஆனால் அது இளவயதினரைத்தான் அதிகம் படுத்தும். 1898இல் ஜெர்மனியில் ஸ்பைனலைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர் என்ற டாக்டரே தன் மேல் சோதனை நடத்திவிட்டு நாள்கணக்கில் தலைவலியோடு படுத்தார். அதே ஊசி போட்டுக்கொண்ட அவருடைய உதவியாளரின் காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்களாம், வலிக்கிறதா என்று!

அப்படியானால் எது? என்னைக் கேட்டால், நோயாளியின் பழைய சீட்டுதான் பதில் சொல்ல வேண்டும். குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஸ்பைனல் போட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. இதய வால்வு மிகவும் சுருங்கியவருக்கு ஸ்பைனலால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் ஆபத்து. நுரையீரல் கெட்டவருக்குத் தொண்டைக் குழாய் வேண்டாம் என்று ஸ்பைனல் பக்கம் சாய்வார்கள். இதில் குடும்பத்தின் வேலை மாத்திரைப் பையை மறக்காமல் கொண்டுபோவதுதான்.

நாங்கள் சண்டை போட்ட கேள்வியைவிட, கேட்காமல் விட்டவை இரண்டு. ஒன்று, தாமதம். 2,970 பேரை வைத்து நடந்த ஹிப் அட்டாக் ஆய்வில் சீக்கிரமே ஆபரேஷன் செய்ததால் உயிரிழப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் புத்தித் தடுமாற்றம் 12 சதவீதத்திலிருந்து 9க்கு இறங்கியது. எங்களுடைய புத்தூர் கட்டுப் பகல் நினைவுக்கு வருகிறதா?

இரண்டு, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. பிளாக் என்பார்கள். ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே தொடை இடுக்கில் போடுவது. அசைக்கும்போது வரும் வலியை அரை மணி நேரத்திலேயே இது குறைப்பதாகவும், தடுமாற்றத்தையும் குறைப்பதாகவும் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அதுவரை போர்வை உரசினாலே "ஐயோ சாமி" என்று கத்திய அப்பத்தா, ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒருக்களித்துப் படுத்து முதுகைக் காட்டியது. ஸ்பைனல் போட உடம்பை வளைக்க வேண்டுமே, பிளாக் இல்லாவிட்டால் அதுவே சித்திரவதை.

கடைசியில் ஸ்பைனல்தான் போட்டார்கள். வெளியே வந்ததும், "தச்சுப் பட்டறை மாதிரி டொக்கு டொக்குனு கேட்டுச்சுடா" என்றது. இரண்டாம் நாள் ராத்திரி, "ஆட்டை யாருடா அவுத்துவிட்டது?" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது. அத்தை என்னை முறைத்தார். ஸ்பைனல் போட்டும் தடுமாற்றம்! கண்ணாடியை மாட்டிவிட்டு, ஜன்னல் ஓரமாகக் கட்டிலைத் தள்ளிப் போட்டு, பகலில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தோம். நாலாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போய் வந்தது. ஆட்டைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. யார் பால் கறக்கிறார்கள் என்பதுதான் அப்புறம் கவலை.