தகுதியா, இனப் பிரதிநிதித்துவமா? பிளவுபட்ட நாடுகளில் அரசு நியமனங்கள்

நம்பிக்கை: தேர்வு நேர்மையாகவே நடந்தாலும், தம்மவர் ஒருவரும் இல்லாத காவல்படையைச் சிறுபான்மையினர் அந்நியப் படையாகவே பார்ப்பர், இன ஒதுக்கீடு அந்த ஐயத்தை விரைவில் தணிக்கும்.

திறன்: இதில் தகுதி முறையே முந்துகிறது எனப் பொதுவாகச் சொல்வர். ஆனால் பள்ளிக் கல்வியே ஏற்றத்தாழ்வாக இருந்த நாட்டில் மதிப்பெண் எதை அளக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

விலகும் வழி: தேவை தீர்ந்ததும் அதைக் கைவிட முடியுமா என்பதே ஒதுக்கீட்டின் உண்மையான சோதனை. வட அயர்லாந்தில் 2001 முதல் 2011 வரை, தகுதித் தேர்வில் தேறியவர்களிலிருந்து, அங்கு சிறுபான்மையினராக இருந்த கத்தோலிக்கரும் ஏனையோரும் சரிபாதியாகக் காவல் பணிக்கு எடுக்கப்பட்டனர். ஏறத்தாழ 8 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 30 விழுக்காட்டை நெருங்கியதும் ஏற்பாடு கைவிடப்பட்டது. லெபனானிலோ, 1990ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் இடைக்கால ஏற்பாடாக முதல்நிலைப் பதவிகளைக் கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் சமமாகப் பகிர்ந்தது. அந்த இடைக்காலம் இன்றும் முடியவில்லை.

ஆகவே மக்களை நேரடியாக எதிர்கொள்ளும் காவல்துறை, நீதித்துறை, உள்ளூர் நிர்வாகம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தகுதியும் முடிவுத் தேதியும் கொண்ட ஒதுக்கீடு பொருந்தும். கணக்காய்வு, மத்திய வங்கி போன்ற நுட்பப் பணிகளுக்குத் திறந்த போட்டியே ஏற்றது.