கணையக் கட்டிக்கு ஊசி வழியாகச் சூடு: சென்னையில் அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சை

டொரொண்டோவிலிருந்து போன இந்த விடுமுறையில் பாதி, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கழிந்தது. பெற்றோரின் வைத்தியத்துக்காக ஊருக்கு ஓடுகிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு வருடமாகவே காலையில் எழுந்ததும் வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். காபி குடித்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கும்பகோணத்தில் பார்த்த டாக்டர் வலிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். தெருவில் சிலர் கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் தம்பி, அப்பாவின் குளுக்கோமீட்டரை எடுத்து அம்மாவின் விரலில் குத்திப் பார்த்திருக்கிறான். 41, ரொம்பவே குறைவு. வீட்டில் சர்க்கரை மாத்திரை போடுபவர் அப்பா மட்டும்தான்.

சென்னை டாக்டருக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது. இன்சுலினோமா என்று சந்தேகப்பட்டார். கணையத்தில் வரும் சின்னக் கட்டி. உடம்பு கேட்கிறதோ இல்லையோ, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். பத்தில் ஒன்பது புற்றுநோய் இல்லாதவை என்றார். உறுதிசெய்ய அம்மாவை அட்மிட் செய்து, 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். சர்க்கரை 55க்குக் கீழே இறங்கும்போது இன்சுலினும், அதோடு சேர்ந்தே கணையத்திலிருந்து வரும் சி-பெப்டைடும் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால் கட்டிதான்.

அம்மா முதல் ராத்திரியைக்கூடத் தாண்டவில்லை. விடியும் முன்பே என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். நான் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரிக்கப் போனபோது நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார்: "ஒரு நிமிஷம்க்கா, ரத்தம் எடுத்துடறேன். இல்லன்னா மறுபடி முதல்லேருந்து பட்டினி." குழாய்களில் ரத்தம் நிரம்பிய பிறகே குளுக்கோஸ் ஏறியது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. நான் பார்த்த மொத்தச் சேவையிலும் முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

சி.டி. ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டிலும் கட்டி தெரிந்தது. 13 மி.மீ., சுண்டைக்காய் அளவு. அறுவை சிகிச்சை அல்லது ரேடியோ அலைச் சூடு (ஊசி வழியாகக் கட்டியை வேகவைப்பது), இரண்டில் ஒன்று. 2023இல் வெளியான ஓர் ஒப்பீட்டை டாக்டரே கணினியில் காட்டினார்: இரு பக்கமும் 89 நோயாளிகள். அறுவையில் எல்லோருக்கும் குணம், சூட்டில் 95.5 சதவீதம். ஆனால் பக்கவிளைவுகள் அறுவையில் 61.8 சதவீதம், சூட்டில் 18. பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, அதை மனதில் வையுங்கள் என்று அவரே சொன்னதால் எனக்கு நம்பிக்கை கூடியது. கணையக் குழாயிலிருந்து கட்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டேன். மிக ஒட்டி இருந்தால் குழாய் வெந்து சுருங்கலாமாம். அம்மாவுக்குப் போதிய இடைவெளி இருந்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருக்கிறது. அதனால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அதன் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே இரைப்பைச் சுவரைத் துளைத்து ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். ஊசி நுனியைச் சுற்றி மட்டும் திசு வேகும். திரையில் வெள்ளையாகக் குமிழ் பரவினால் அந்த இடம் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஊசியை நகர்த்தி அடுத்த இடம். ஒவ்வொரு சூடும் சில விநாடிகள்தான். கணைய அழற்சி வராமலிருக்க ஆசனவாய் வழியாக ஒரு மருந்தும் வைத்தார்கள். வெளியே தையலும் இல்லை, தழும்பும் இல்லை. மறுநாள் காலை, வெறும் வயிற்றில் சர்க்கரை நூறைத் தாண்டியிருந்தது.

சொந்தக்காரர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, அவருடைய அண்ணனின் கணையப் புற்றுநோய்க்கும் இதையே செய்யலாமா என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். வழக்கமான கணையப் புற்றுநோய் ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொள்ளும், சீக்கிரம் பரவும். அதற்கு அறுவையும் கீமோவும்தான் பிரதான வழி, சூடு குணப்படுத்தும் சிகிச்சை அல்ல. கணையக் கட்டி என்றாலே இது தீர்வு என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

டாக்டர்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஒன்டாரியோவில் என் குடும்ப டாக்டர் வழியாக ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் காத்திருந்த அனுபவத்தோடு பார்த்தால் சென்னையில் எல்லாம் மின்னல் வேகம். ஆனால் பில்லிங் கவுன்டருக்கு வந்தால் வேறு உலகம். எஸ்டிமேட்டில் ஊசியின் விலையைச் சேர்க்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், பில்லிலேயே பெரிய தொகை அதுதான். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இந்தச் சிகிச்சையின் பெயரே பேக்கேஜ் பட்டியலில் இல்லை. சாதாரண எண்டோஸ்கோப்பி என்று போட்டு அனுப்பி, கேஷ்லெஸ் நிராகரிக்கப்பட்டது. கையிலிருந்து கட்டினோம்.

போகிறவர்கள் அட்மிஷனுக்கு முன்பே ஊசிக்குத் தனி எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் வாங்கி வையுங்கள். கட்டி முழுக்க வேகாமல் மறுபடி ஒருமுறை சுட வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த ஸ்கேனில் தெரியும். வலிப்பு மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. இன்சூரன்ஸ் பணத்துக்குத் தம்பி இன்னும் அலைகிறான்.