பிளம்பர் ஜோவும் இரண்டு வரித் திட்டங்களும்

2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் வரியைப் பற்றி ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னும் பேசாத மேடை இல்லை. ஆனால் மக்கள் மனதில் நின்றது ஒரு பிளம்பர்தான். அக்டோபர் 12 அன்று ஒஹையோவில், டொலிடோ பக்கம் ஓட்டுக் கேட்டு வந்த ஒபாமாவிடம், ஆண்டுக்கு 250,000 முதல் 280,000 டாலர் வரை ஈட்டும் தொழிலை வாங்கப்போவதாகச் சொல்லி, "என் வரி ஏறுமா?" என்று கேட்டார் ஜோ. செல்வத்தைப் பரவலாக்கினால் எல்லோருக்கும் நல்லது என்று ஒபாமா வாய்விட, மெக்கெய்னுக்கு அவல் கிடைத்தது. மூன்றாம் நாள் விவாதத்தில் ஜோ பெயர்தான் திரும்பத் திரும்ப அடிபட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கூச்சலின் அளவு புரியும். ஒபாமா திட்டத்தில் 250,000க்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் 33% வரி 36% ஆகும். வரிக்குரிய வருமானம் 280,000 என்றே வையுங்கள். 30,000க்கு 3%, ஆக 900 டாலர். மறுபக்கம், உழைப்பவருக்கு 500 டாலர் வரிச் சலுகை, தம்பதி இருவரும் உழைத்தால் 1,000. வருமான வரியே கட்டாதவருக்கும் அது கைக்கு வரும். இது வரிக்குறைப்பல்ல, இலவசம் என்றது மெக்கெய்ன் தரப்பு.

வேடிக்கை என்னவென்றால், மெக்கெய்ன் திட்டத்திலும் அதே உத்தி உண்டு. மருத்துவக் காப்பீடு வாங்கக் குடும்பத்துக்கு 5,000 டாலர், வரி கட்டாதவருக்கும் சேர்த்து. பதிலுக்கு, கம்பெனி கட்டும் காப்பீட்டுத் தொகையை ஊழியரின் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். அதுவரை அந்தத் தொகைக்கு இருந்த வரிவிலக்கில் அதிகச் சம்பளக்காரருக்கே அதிக லாபம். அதைப் பறித்து எல்லோருக்கும் ஒரே தொகை தருவது மறுபங்கீடு இல்லாமல் வேறென்ன? அதை அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

மற்றவற்றில் அவர் சாய்வு மேல்தட்டுப் பக்கம்தான். நிறுவன வரி 35%இலிருந்து 25%. வாரிசுச் சொத்து வரி 50 லட்சம் டாலருக்கு மேல் வெறும் 15%. ஒபாமாவோ 35 லட்சத்துக்கு மேல் 45% என்றார். என்னைக் கேட்டால் உண்மையான சண்டை இங்கேதான் நடந்திருக்க வேண்டும். அதிபர் புஷ்ஷின் 2001 வரிக்குறைப்பை எதிர்த்து ஓட்டுப் போட்ட இரண்டே குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவரான மெக்கெய்ன், 2008இல் அதையே நிரந்தரமாக்கச் சொன்னதையும் யாரும் போதிய அளவு குடையவில்லை.

ஒபாமா வென்றார். 500 டாலர் 400 ஆகச் சுருங்கியது. பெரும் வருமானக்காரருக்கு அவர் மீட்கச் சொன்ன 39.6% உச்ச விகிதம் திரும்பி வர 2013 ஆனது. அதுவும் தனிநபருக்கு 400,000, தம்பதிக்கு 450,000 டாலரைத் தாண்டினால் மட்டுமே.