இரட்டைக் கொக்கி சேஃப்டி பெல்ட்: இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, நம் ஆட்களுக்கும் வாங்கலாமா என்று தெரிந்த காண்ட்ராக்டர் அண்ணன் ஒருவர் கேட்டார். போனில் பேசினால் திட்டாகத்தான் வரும், அதனால் எழுதுகிறேன். முழு உடம்புக்கும் போடும் பெல்ட், ஷாக் அப்சார்பர் வைத்த இரட்டைக் கயிறு, சாரக் குழாயில் மாட்டும் பெரிய கொக்கி. சைட்டில் எல்லோரும் பார்த்ததுதான். சேஃப்டி பெல்ட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 3521, அந்த முத்திரையும் இருக்கிறது.

பட்டையைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலும் வேர்வையும் பட்டும் ஓரத்தில் ஒரு நூல் பிரியவில்லை. உட்கார்ந்து எழுந்து கம்பி கட்டினாலும் தொடைப் பட்டை இளகாது. ஒரு கயிற்றை மாட்டிவிட்டுத்தான் மற்றதைக் கழற்றலாம் என்பதால், குழாய் மாறும்போதும் ஆளுக்குப் பிடி இருக்கிறது.

கொக்கிதான் உயிரை வாங்குகிறது. பின்பக்கத்து லாக்கை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே விரலால் வாயைத் திறக்க வேண்டும். தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி, சரி. ஆனால் லாக் ஓரத்துச் சந்தில் சிமெண்ட் பால் இறங்கிவிடுகிறது. காங்கிரீட் போட்ட அன்றே அலசவில்லை என்றால் மறுநாள் ஸ்பிரிங் அசையாது. கிளவுஸ் போட்ட கையால் கேட்கவே வேண்டாம். ஆட்கள் குழாயில் நாலு தட்டு தட்டுவார்கள். அப்படியும் வரவில்லையா, வாயைத் திறந்தபடியே வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவார்கள். கீழிருந்து பார்த்தால் ஒழுங்காக மாட்டியது போலவே தெரியும். மேலே ஏறிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கம்பி கட்டுகிறவரைத் திட்ட மனசு வரவில்லை. நாள் முழுக்க மாட்டிக் கழற்றும் சாமானோடு எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவார்? டீலரிடம் கேட்டால், “மெயின்டெனன்ஸ் பத்தலை சார்” என்கிறார்.

அண்ணன் கட்டுவது ஒரு மாடி வீடு. அதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. கயிறு 2 மீட்டர். விழும்போது அப்சார்பர் பிரிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம், நீண்டால்தான் உடம்பில் விழும் அடி குறையும். முதுகு வளையத்திலிருந்து கால்வரை ஒன்றரை மீட்டர், அதற்கும் கீழே ஒரு மீட்டராவது காலி இடம் வேண்டும். காலடியில் கொக்கி மாட்டினால் இதெல்லாம் சேர்த்து, கொக்கிக்குக் கீழே ஏறக்குறைய 20 அடி வேண்டியதாகிவிடும். பத்தடி உயர ஸ்லாப்பில் பெல்ட் இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். தலைக்கு மேல் உறுதியான இடத்தில் மாட்டினால் கதை வேறு. ஆனால் மேல்தள ஓரத்தில் தலைக்கு மேல் என்ன இருக்கிறது, ஆகாயம்தானே?

அதனால் வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும். அந்தக் காசுக்குக் குழாய் வாங்கி ஸ்லாப் ஓரம் முழுக்கத் தடுப்புக் கட்டுங்கள்: இடுப்புக்கு மேல் ஒன்று, நடுவில் ஒன்று, காலடியில் பலகை. படிக்கட்டுத் திறப்பையும் மூடுங்கள். நான் மட்டும் அதே பெல்ட்டில் இன்னும் சில செட் சொல்லியிருக்கிறேன். எங்கள் சைட் எட்டு மாடி, அந்தப் பட்டையை விட மனசில்லை.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் கடையிலேயே கிளவுஸ் மாட்டிக்கொண்டு கொக்கியைப் பத்துத் தடவை திறந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.