இலக்கணமா, காதா?

மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் முடித்து, வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: ஆங்கிலம் இயல்பாக வர இலக்கணம் படிக்கவா, கேட்டுப் பழகவா?

இலக்கணம் படித்தால் காலமும் ஒருமை பன்மையும் சரியாகும். தமிழில் யோசித்து மாற்றும் பழக்கம் மட்டும் போகாது. 'நேற்றுதான் வந்தேன்' என்பதில் உள்ள 'தான்' நம்மைப் படுத்தும் பாடு! 'ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி' என்கிறோம். ஆங்கிலேயர்கள் 'ஐ ஒன்லி கேம் எஸ்டர்டே' என்பார்கள். 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்பதில் இலக்கணப் பிழையே இல்லை. ஆனால் லண்டனில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். காய்ச்சலுக்கு 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்போம். அங்கே 'ஐவ் காட் எ டெம்பரேச்சர்' என்பது சகஜம். இதெல்லாம் காதால்தான் பிடிபடும்.

பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' ஒலி நிகழ்ச்சி இதற்கு நல்லது, இலவசமும்கூட. நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்தே இரண்டு மூன்று கேட்டுவிடலாம். கேட்டால் மட்டும் போதாது, முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார், சரி, போகட்டும்.

கேட்பதில் குறையும் உண்டு. வேகப் பேச்சில் 'எ', 'தி' எல்லாம் கரைந்துவிடும், எழுதும்போது விட்டுவிடுவோம். அங்கே இலக்கணம்தான் கைகொடுக்கும்.

ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் நோயாளியுடன் பேசுவதுபோல இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். மனதுக்குள் மொழிபெயர்க்க நேரமிருக்காது. அதனால் பேச்சுக்கு என் ஓட்டு காதுக்கே.