வீடா, ஃபண்டா: மூலதன ஆதாயக் கணக்கு எதில் எளிது?

வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்று, அந்தத் தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, பின்னர் அதிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்த பிறகே, மூலதன ஆதாயம் என்பதன் பொருள் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், விற்ற விலையிலிருந்து நம்மால் ஆதாரம் காட்ட முடிந்த அடக்க விலையைக் கழித்து எஞ்சுவதே வரிக் கணக்கில் ஆதாயம். விற்கும் வரை ஏறிய மதிப்பு ஏட்டளவில்தான் நிற்கும் என்பது இரண்டுக்கும் பொது. வீடு வாடகை தரும், ஃபண்டின் மதிப்பு நாள்தோறும் ஏறி இறங்கும் என்பவையும் யாவரும் அறிந்தவையே. என்னை ஃபண்டின் பக்கம் சாய்த்தது அந்த அடக்க விலை ஆதாரம்.

வீட்டை 100-க்கு வாங்கியதாகக் கொள்வோம். பதிவுச் செலவும் தரகும் 8, பின்னர் கட்டிய கூடுதல் அறைக்கு 10, ஆக அடக்கம் 118. 180-க்கு விற்று, விற்பனைத் தரகு 4 போனால் ஆதாயம் 58. அறை கட்டியதற்கு ரசீது இல்லையெனில் ஆதாயம் 68 ஆகிவிடும். கைக்கு வந்த பணமோ ஒரு காசும் கூடியிருக்காது. எனக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். டைல்ஸும் கம்பியும் வாங்கிய ரசீதுகளைக் கோப்பில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, கடையின் ஊதா முத்திரை மட்டும் தெளிவாக இருக்க, தொகை அச்சிட்டிருந்த இடம் வெளிறிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் பராமரிப்புச் செலவு. பொதுவாக அது அடக்க விலையில் சேராது. கொத்தனார் அறை கட்டிய கூலியையும் ஒழுகலை அடைத்த கூலியையும் ஒரே சீட்டில் எழுதித் தந்திருந்ததால், அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடாயிற்று.

ஃபண்டில் வாங்கிய தேதி, யூனிட் எனப்படும் பங்கலகுகளின் எண்ணிக்கை, விலை மூன்றும் கணக்கு அறிக்கையிலேயே இருக்கின்றன. தவணை தவணையாக வாங்கியவற்றில் எவை விற்கப்பட்டன என்பதற்கும் விதி உண்டு: இந்தியாவில் முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாகக் கொள்வார்கள்; பிரிட்டனில் பெரும்பாலும் சராசரி விலையை எடுத்துக்கொள்வார்கள்.

குடியிருந்த வீட்டை விற்பவருக்கு என் சாய்வு அப்படியே பொருந்தாது. அமெரிக்காவில், விற்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் சொந்தமாக வைத்துக் குடியிருந்த தனிநபருக்குப் பொதுவாக 2,50,000 டாலர் வரையிலான ஆதாயத்துக்கு வரி இல்லை. நான் விற்றது ஒரே ஒரு வீடு, அதுவும் விலைக்கு வாங்கியது. பரம்பரைச் சொத்தை விற்பவருக்கு என் அனுபவத்தை வைத்து வழி சொல்லத் துணிய மாட்டேன்.