கிதார் சத்தம் காதைக் குத்துகிறதா? ப்யூர் நிக்கல், ஃப்ளாட்வூண்ட், தடிமன் செட்: எது யாருக்கு

எலக்ட்ரிக் கிதார் ஸ்ட்ரிங் பாக்கெட் மேல் 'வார்ம்', 'விண்டேஜ்', 'மெல்லோ' என்று என்ன அச்சடித்திருந்தாலும், வழக்கமான பத்தாம் நம்பர் செட்டில் (முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) மெல்லிய கம்பிகள் மூன்றும் வெறும் எஃகுதான். நிக்கல் பூசிய செட் வாங்கினாலும் ப்யூர் நிக்கல் வாங்கினாலும் அந்த மூன்றில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிக்கலா, ஸ்டெயின்லெஸ்ஸா என்ற பேச்செல்லாம் மேலே கம்பி சுற்றிய தடித்த மூன்றுக்குத்தான். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் பசங்க கேட்பது பெரும்பாலும் "அண்ணா, லீடு போனா காதக் குத்துதுங்க, எந்த ஸ்ட்ரிங் போட்டா இதமா வரும்?" என்பதுதான், அந்த லீடு, அதாவது தனி மெட்டு, வாசிப்பதோ முக்கால்வாசி இந்த வெறும் எஃகுக் கம்பிகளில்.

அதனால் காசு செலவழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். திருவிழா மேடையில் பாதிப் பேர் ஆம்ப் இல்லாமல் பெடலில் இருந்து நேராக மிக்ஸருக்குப் போகிறார்கள். கிதார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிடும், சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் பெட்டிகள் அப்படிக் குறைக்காது, ஆம்ப்பில் கேட்கவே கேட்காத அந்தக் கீச்சு முழுதும் ஊர் முழுக்கக் கேட்கும். மல்டி எஃபெக்ட் பெடலில் கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே சத்தத்தை மாற்றித் தரும் வசதி) இருந்தால் அதை ஆன் செய்யுங்கள், கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்புக்கு (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் பாகம்) மாறுங்கள், டோன் நாபைப் பத்தில் இருந்து ஆறுக்கு இறக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் கூர்மையாகவே இருந்தால் அப்போது ஸ்ட்ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

நிக்கல் பூசிய எஃகு, அதாவது எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்கி, டாடாரியோ இஎக்ஸ்எல்110 மாதிரியான 10-46 (முதல் கம்பி பத்து, ஆறாவது நாற்பத்தாறு) செட்டுகள்தான் இன்று எல்லோர் கிதாரிலும் இருப்பவை. சுலபமாகக் கிடைக்கும், எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும், புதிதாகப் போட்ட சில நாள் பளீரென்று இருந்து பிறகு அடங்கும். மற்றதையெல்லாம் இதோடுதான் ஒப்பிட வேண்டும். இதைவிடப் பளீரென்று வேண்டுமானால் ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்வூண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) இருக்கிறது, நமக்கு இங்கே வேலை இல்லை.

ப்யூர் நிக்கல் 1950களிலும் 60களிலும் சாதாரணமாகப் புழங்கியது. நிக்கல் விலை ஏறியபின் எஃகு மேல் நிக்கல் பூசும் பழக்கம் வந்தது. எஃகு அளவுக்கு நிக்கலைக் காந்தம் இழுக்காது, அதனால் பிக்கப்பில் இருந்து வரும் சத்தம் ஒரு சுற்றுக் குறையும், உச்சத்தில் இருக்கும் கூர்மையும் கொஞ்சம் தேயும். ஃபெண்டர் 150 வரிசை, டாடாரியோ இபிஎன்110, ஜிஎச்எஸ் நிக்கல் ராக்கர்ஸ், டிஆர் ப்யூர் ப்ளூஸ் எல்லாம் இந்த வகை. வித்தியாசம் பெரிதா என்றால் இல்லை. கார்டு அடிக்கும்போது, தடித்த கம்பியில் மெதுவாக விரலால் எடுக்கும்போது தெரியும், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், சொல்கிறேன் என்கிறவர்களையும் முழுதாக நம்ப மாட்டேன். ஆனாலும் இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதைப் போடுவதற்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தொட்டால் அதே ரவுண்ட்வூண்ட் மாதிரிதான், பெண்டு (கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது) அப்படியே வரும், விலையும் மலைக்கிற மாதிரி ஏறாது.

அடுத்தது ஃப்ளாட்வூண்ட், இது வேறு உலகம். ரவுண்ட்வூண்டில் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், இதில் நாடாக்கட்டில் நாடா மாதிரி தட்டையான பட்டையைச் சுற்றியிருப்பார்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும், கை நகரும்போது வரும் அந்த 'கீச்' இருக்காது. சத்தத்தில் அடிச்சுருதி பெரிதாகவும் மேல் ஒலிகள் குறைவாகவும் இருக்கும், தட்டினால் 'டும்' என்று வந்து சீக்கிரம் அடங்கும். அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்த அந்த ஜாஸ் சத்தத்தில் பாதிப் பங்கு தடித்த ஃப்ளாட்வூண்டுக்கு. டாடாரியோ குரோம்ஸ் ஸ்டெயின்லெஸ் பட்டை என்பதால் ஃப்ளாட்டிலேயே கொஞ்சம் பளிச் ரகம், வியன்னாவின் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் ஜாஸ் ஸ்விங் நிக்கல் பட்டை என்பதால் அதைவிடக் கனிந்தது, விலையும் அதற்கேற்பக் கனம். சாதாரண செட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும், ஆனால் சுற்றுக்கு இடையில் பள்ளம் இல்லாததால் வியர்வையும் அழுக்கும் போய் உட்காராது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சித்திரை வைகாசி வெயிலில் திறந்த மேடையில் வாசிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால் மூன்றாம் கம்பி. குரோம்ஸ் 11-50 செட்டில் ஜி கம்பியும் சுற்றுக் கம்பிதான். அதனால் லீடு வாசிக்கும் கம்பியில் ஒன்றாவது உண்மையிலேயே இதமாகும், மூன்றாம் கம்பி வெறும் எஃகாக இருக்கும் செட்டுகளில் கிடைக்காத லாபம் இது. ஆனால் அதை ஒரு முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள், விரல் போய்விடும். சினிமாப் பாட்டின் பிஜிஎம்மை அப்படியே எடுக்கிறவர்களுக்கு இந்தக் கம்பி பெரிய இடைஞ்சல். எலக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதம் பழகுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் உண்டு: சறுக்கி வாசிக்கும் கமகத்துக்கு வழவழப்பு சுகமாக இருக்கும், இழுத்து வாசிக்கும் கமகத்துக்குக் கை வலிக்கும்.

ஹாஃப் ரவுண்ட் என்று நடுவில் ஒன்று இருக்கிறது, உருண்டைக் கம்பியைச் சுற்றிய பிறகு மேலே தேய்த்து விடுவது. தொட்டால் ஃப்ளாட் மாதிரி. டாடாரியோவுடையது ஸ்டெயின்லெஸ், அதனால் நினைத்த அளவு இதம் வராது. 'கீச்' மட்டும் போனால் போதும் என்றால் சரி.

தடிமன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, வெறும் எஃகுக் கம்பியின் சத்தத்தை ஸ்ட்ரிங் மாற்றி மாற்ற வேண்டுமானால் மிச்சம் இருக்கும் வழி அது ஒன்றுதான். ஃபெண்டர் ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம்) கிதாரில் முதல் கம்பி ஒன்பதாக இருந்தால் சுமார் 6 கிலோ இழுவை, பத்து என்றால் 7 கிலோவுக்கு மேல், பதினொன்று என்றால் கிட்டத்தட்ட 9 கிலோ. தடிக்கத் தடிக்கச் சன்னத்தன்மை போய் ஸ்வரம் நிறைந்து வரும். ஒன்பதில் இருந்து பதினொன்றுக்குப் போனால் யாருக்கும் கேட்கும், என் அனுபவத்தில் நிக்கல் மாற்றியதைவிட இது அதிகமாகக் கேட்கிறது. கை தாங்கவில்லை என்றால் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்துகொள்ளலாம், கூட வாசிக்கிற கீபோர்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டிங் போட்ட ஸ்ட்ரிங் வாங்குவது ஆயுளுக்காக. எலிக்ஸிர் கம்பெனியின் இரண்டு கோட்டிங் வகையில் பாலிவெப் நானோவெப்பைவிடக் கொஞ்சம் இதம், ஆனால் அதற்காக மட்டும் வாங்க மாட்டேன். அப்புறம், ஸ்ட்ரிங் பழசானால் தானாகவே வார்மாகிவிடும் என்று மாற்றாமலே வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. கூர்மை போவது உண்மைதான், கூடவே சுருதியும் போகும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தால் தெரிந்துவிடும்.

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கடையில் போய் வெறுமனே 'கிதார் ஸ்ட்ரிங்' என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அகூஸ்டிக் கிதாருக்கான வெண்கல (ப்ரான்ஸ்) செட். அதை எலக்ட்ரிக்கில் போடாதீர்கள். வெண்கலத்தைக் காந்தம் இழுக்காது, உள்ளே இருக்கும் எஃகு மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும், தடித்த கம்பிகள் அமுங்கியும் மெல்லியவை துருத்தியும் கேட்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

சரி, எது எடுப்பது? கல்யாண மேடை, சர்ச், திருவிழா என்று எல்லாம் வாசிக்கும் ஆள், கையில் ஒரே கிதார் என்றால் ப்யூர் நிக்கல் பதினொன்று, மூன்றாம் கம்பி வெறும் எஃகாக இருக்கும் செட்டாகப் பார்த்து. விரல் இன்னும் பழகாத பிள்ளைகளுக்கு அதிலேயே பத்து. இரண்டாவது கிதார் ஒன்று சும்மா கிடக்கிறது, அது ஹம்பக்கரோ (இரட்டைச் சுருள் பிக்கப்) ஹாலோ பாடியோ (உள்ளே வெற்றிடம் உள்ள உடல்) என்றால் தயங்காமல் ஃப்ளாட். மெட்டல் வாசிக்கும் ஓசூர் தம்பிகளுக்கு இதில் எதுவும் வேண்டாம், இருப்பதையே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்பதில் இருந்து பதினொன்றுக்கோ ஃப்ளாட்டுக்கோ தாவினால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) இருக்கும் பள்ளம் கம்பிக்குப் போதாது, ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று மாட்டி மாட்டி விடும். கழுத்தும் முன்னால் வளையும், ட்ரெமலோ (கம்பிகளின் சுருதியை ஆட்டும் கைப்பிடி) இருந்தால் பின்னால் ஸ்ப்ரிங்கை இறுக்க வேண்டும், இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) புதிதாகப் பிடிக்க வேண்டும். டிஆர் ப்யூர் ப்ளூஸ் மாதிரி ரவுண்ட் கோர் (உள்கம்பி உருண்டையான) கம்பியாக இருந்தால் நுனியை மடக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுற்று அவிழ்ந்து கம்பி செத்துவிடும். பழகாத கையால் நட்டைத் தேய்க்க வேண்டாம். எப்படியும் ஸ்ட்ரிங் வாங்கப் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறப் போகிறீர்கள், கிதாரையும் தூக்கிக்கொண்டு போய், வாங்கிய செட்டையே மாட்டி அங்கேயே செட்டப் செய்து வாங்கி வந்துவிடுங்கள்.